வெயிலைத் தாண்டாத பூனை

சிறுத்தைப்பூனைகள் ஒரே வயிற்றில் தொடங்கி இரண்டு கூட்டமாகப் பிரிந்துபோன சங்கதியைச் சண்முகவடிவுக்கு முதன்முதலில் சொன்னவள் அவள் மகள் உலகம்மை. நாலு வருஷத்துக்கு முந்தின வைகாசியில், கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம், சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பலாக்கொட்டை உரித்துக்கொண்டே சொன்னாள். அந்த உலகம்மைதான் இப்போது, வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்குகிற காலை பஸ்ஸில், அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு அம்மா தோளிலேயே தலையைச் சாய்த்துத் தூங்குகிறாள். மடியில் லேப்டாப் பை. வாய் லேசாகத் திறந்திருக்கிறது, ஐந்து வயதில் தூங்கும்போது திறந்திருந்த மாதிரியே. வடிவுக்குத் தூக்கம் வரவில்லை. கவர்க்கல் எஸ்டேட் பனிக்குள் பஸ் நுழைந்ததிலிருந்து விழித்தபடியே இருக்கிறாள். அதற்குச் சற்று முன்னால்தான் உலகு, இத்தனை நாளாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை, பக்கத்து சீட்டுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "நீ எடுத்துக் குடுத்தியே பதினேழாம் நம்பர் கவர், அதுல இருக்கிற எச்சம் நம்ம மலைப் பூனையோடதே இல்லம்மா. வடக்குக் கூட்டத்துப் பூனை. எப்படியோ தாண்டி வந்திருக்கு." மூன்று தடவை மிஷினில் ஓட்டிப் பார்த்தார்களாம், மூன்று தடவையும் அதேதானாம். கைடு மேடம் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றுவிட்டாராம். இன்று மத்தியானம் இரண்டு மணிக்குக் கோயம்புத்தூரில் கமிட்டி முன்னால் உலகு பேசப்போகிறாள். அவர்கள் சரி என்று சொன்னால்தான் அவள் புத்தகம் எழுதிக் கொடுக்கலாம், பேருக்கு முன்னால் டாக்டர் போடலாம். அந்தப் பூனையைக் கண்டுபிடித்துக் கொடுத்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, எல்லார் முன்னாலும் ஒரு சால்வை போடுகிறேன் என்று மேடம் சொல்லியிருக்கிறார், அதனால்தான் இந்தப் பட்டுப்புடவை, இந்த முதல் பஸ். எந்தத் தேதி எடுத்தது அது என்று வடிவு சும்மாதான் கேட்டாள். மார்ச் மூணு, அம்மன் பாறை வழி, உன் கையெழுத்துதான் என்று சொல்லிவிட்டு உலகு கொட்டாவி விட்டாள். மார்ச் மூணு. வடிவு வாயைத் திறப்பதற்குள் தோளில் தலை கனத்துவிட்டது. அன்றைக்கு அவள் அம்மன் பாறைக்குப் போகவே இல்லை. அந்தக் கவரில் இருந்தது மகன் ஊரான அஸ்ஸாமில் எடுத்தது.

நாற்பதாவது கொண்டை ஊசி வளைவின் போர்டு ஜன்னலில் வந்து போனது. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு முருகா என்பது அவள் வழக்கம், கல்யாணமாகி இந்த மலைக்கு ஏறி வந்த நாள் முதல் அப்படித்தான், நாற்பது வளைவு நாற்பது முருகா, இன்றைக்கு முதல் முருகாவே விட்டுப்போயிற்று. எழுப்பிவிடலாம். எழுப்பி, உலகு, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு என்று ஆரம்பிக்கலாம். சின்னத் தப்பா. ராத்திரி ஒரு மணிவரை படம்படமாக அந்தப் பெட்டிக்குள் ஏற்றிக்கொண்டிருந்தாள், பிள்ளை, கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கிறது, இன்னும் நாலு வளைவு தூங்கட்டும். முப்பத்தொன்பது, முருகா. பலாக்கொட்டைத் தோல் நகத்துக்குள் ஏறிய அந்த மத்தியானம் எவ்வளவு நன்றாக இருந்தது. பூனைகளுக்கெல்லாம் ஒரு மூதாய் இருந்தாளாம், கோடி வருஷத்துக்கும் முன்னால், இந்த ஆசியாக் காட்டுக்குள் எங்கேயோ. அவள் வயிற்றிலிருந்து கிளைகிளையாகப் பிரிந்து சிங்கம் ஒரு பக்கம் புலி ஒரு பக்கம் போக, சின்னப் பூனைகள் தங்களுக்கென்று ஒரு வழி பிடித்துக்கொண்டனவாம். கடல் வற்றியபோது தீவுக்கு நடந்துபோன பூனைகள், கடல் திரும்பி ஏறியபோது அங்கேயே மாட்டிக்கொண்டு, அந்தத் தீவுக் காட்டுக்கென்று ஒரு தனிப் பூனையாகவே ஆகிவிட்டனவாம். கேட்கக் கேட்க வடிவுக்குக் கோயிலில் கதை கேட்கிற மாதிரி இருந்தது. நம்ம மலையில என்ன என்று கேட்டாள். நம்ம மலையிலயும் அதே கதைதாம்மா, கடலுக்குப் பதிலா வெயில் என்றாள் உலகு. சிறுத்தைப்பூனைக்கு வெயில் ஆகாது. காட்டுப்பூனை அப்படியில்லை, அது கரும்புக்காட்டிலும் இருக்கும், பொட்டலிலும் திரியும், நாடு முழுக்க ஒரே சொந்தபந்தமாகக் கிடக்கும். சிறுத்தைப்பூனை மட்டும் நம்ம மலைத்தொடரில் ஒரு கூட்டம், வடக்கே இமயமலைப் பக்கத்தில் ஒரு கூட்டம். உலகமே குளிர்ந்து கிடந்த காலத்தில் நடுவில் வழி இருந்திருக்கும், பிறகு சூடு ஏறி வழி அடைபட்டுப்போயிருக்கும், இப்படித்தான் இருக்கணும்னு நாங்க நினைக்கிறோம் என்றாள். நினைக்கிறோம் என்று சொன்னது வடிவுக்குப் பிடித்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுகிற படிப்பைத் தன் வயிற்றில் பிறந்தது படிக்கிறதே என்று.

எத்தனை வருஷமாச்சு பிரிஞ்சு என்று கேட்டதற்கு, லட்சக்கணக்கில் என்று சொல்லிவிட்டு, அம்மாவுக்கு அது புரியாது என்று நினைத்தோ என்னமோ உலகு நிறுத்திக்கொண்டாள். எட்டாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் லட்சம் என்றால் எவ்வளவு என்று இந்த பஸ்ஸில் இருக்கிற யாரைக் காட்டிலும் வடிவுக்கு நன்றாகத் தெரியும். கோடு போட்ட நோட்டில் தினம் எழுபது தடவை முருகன் பேர் எழுதுகிறவள் அவள். கொழுந்து பறித்துவிட்டு வந்து, விரலெல்லாம் கறை பிடித்திருக்க, அடுப்பு முன்னால் உட்கார்ந்து எழுதி, ஒரு லட்சம் முடிய நாலு வருஷம் ஆனது. உலகு வயிற்றில் இருந்தபோது ஆரம்பித்த லட்சம், அவள் ஓடி ஆடி பால்வாடிக்குப் போகும்போது முடிந்தது. அப்படிப் பார்த்தால் கோடி எழுத நானூறு வருஷம். தினம் எழுபது வீதம் நானூறு வருஷம் ஒரு கை எழுதிக்கொண்டே இருந்தால் எத்தனை பேர் வருமோ அத்தனை வருஷம் முன்னால் அந்த முதல் பூனை. அன்றைக்கு அதை நினைத்ததும் உரித்த கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு பொறுமை அந்த முருகனுக்கு. அவன் அவசரமே படவில்லை, புள்ளி ஒன்று வைத்து, ஆயிரம் குட்டி பார்த்து, இன்னொரு புள்ளி வைத்திருக்கிறான். முப்பத்தாறு. நடுவில் இரண்டு வளைவுக்கு முருகா சொன்னோமா இல்லையா என்று தெரியவில்லை. சொன்னதாக வைத்துக்கொள்ளலாமா. இதுதான், இந்த வைத்துக்கொள்ளலாமா என்கிற புத்திதான் பதினேழாம் கவரில் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

அன்றைக்கே அவளும் அந்த வேலைக்குள் வந்துவிட்டாள். விடிகாலையில் அம்மன் பாறைக்கு விளக்குப் போடப் போகிறாயே, அந்த வழியில் பூனை எச்சம் கண்டால் எனக்கு எடுத்து வை என்று மகள் கேட்டாள். காகிதக் கவர்களும், ஈரம் உறிஞ்சுகிற நீல முத்துப் பையும், ஒரு பிஸ்கட் டப்பாவும் கொடுத்தாள். கை படக் கூடாது, குச்சியால் தள்ளணும், வெயில் படாமல் வைக்கணும். பூனையின் குடலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துளி அந்த எச்சத்தின் மேல் ஒட்டிக்கொண்டு வருமாம், அந்தத் துளிக்குள் அதன் அம்மா, அம்மாவின் அம்மா, கோடி வருஷத்து அம்மாமார்கள் எல்லோரும் எழுதிவைத்தது இருக்குமாம். அதிலேயும் ஒரு பகுதி தாய் வழியாக மட்டுமே வருமாம், தகப்பன் எழுத்து அதற்குள் நுழையவே முடியாதாம். இதைக் கேட்டுவிட்டு அவள் வீட்டுக்காரர் சுடலைமுத்து, அப்ப நாங்கள்லாம் எதுக்குத்தான் இருக்கோம், ரேஷன் கடை வரிசையில நிக்கவா என்று கேட்டார். அவர் வாய் அப்படி. எஸ்டேட் லயத்து வரிசையிலே எல்லா வீட்டுப் பொம்பளையும் கொழுந்து பறிக்கிறா, என் வீட்டுல ஒருத்தி பூனைப் பீ பொறுக்கறா என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார். ஆனால் இன்று காலை நாலு மணிக்கே குளித்து, திருநீறு பூசி, தேய்த்த சட்டை போட்டு, எனக்கு இடுப்பு இந்த வளைவெல்லாம் தாங்காது நீங்க போங்க என்று சொல்லிக்கொண்டு, பஸ் திரும்புகிறவரை ஸ்டாப்பிலேயே நின்றார். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்களிடம் கையைக் காட்டிக் காட்டி என்னவோ சொன்னார். என்ன சொல்லியிருப்பார். பூனைப் பீ பொறுக்கினதுக்கு என் பெண்டாட்டிக்குச் சால்வை போடறாங்க என்றா. முருகா. முப்பத்திரண்டு.

உலகு சொன்ன விதிகளில் ஒன்று, முதலில் கவரில் எழுதிவிட்டுத்தான் எச்சத்தை உள்ளே போடவேண்டும், போட்ட பிறகு எழுதினால் பென்சில் ஓட்டை போட்டுவிடும் என்பது. நம்பர், இடம், தேதி. வடிவுக்குக் கையெழுத்து அழகாக வரும், அதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு, கடவுள் பேர் எழுதியே வளர்ந்த கையெழுத்து. போகிற வழி ஒன்றுதானே, தினமும் எதற்கு எழுத என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இருபது கவரிலும் நம்பரும் அம்மன் பாறை வழி என்றும் குண்டுகுண்டாக எழுதிவைத்துவிட்டாள். தேதிக்கு மட்டும் இடம் விட்டாள். பதினாறு கவர் நிறைந்தன. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் அவளுக்கு நெஞ்சுக்குள் ஒரு நன்றி ஊறும், யாரோ போய்விட்டபின் திருநீறு மட்டும் பீடத்தில் கிடக்கிற மாதிரி, வந்து போனவர் யாரென்று தெரியாமலே குனிந்து எடுக்கிற மாதிரி. ஒரே ஒரு நாள் பார்த்தும்விட்டாள். பாறைக்கு முந்தின வளைவில், பனி இன்னும் விலகாத நேரத்தில், வீட்டுப்பூனை அளவுதான், கால் மட்டும் கொஞ்சம் உயரம். உடம்பெல்லாம் கறுப்புப் பொட்டு, யாரோ அவசரமில்லாமல் வரிசை பிடித்து வைத்த பொட்டு. இரண்டு கண்ணுக்கும் நடுவே நெற்றிவரைக்கும் வெள்ளைக் கோடு, நாமம் மாதிரி. அது அவளைப் பார்த்தது. ஓடவில்லை. பார்த்து முடித்துவிட்டுத் திரும்பியபோது காதின் பின்பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. காதுக்குப் பின்னால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிடாமல் அங்கேயும் ஒரு பொட்டு வைத்திருக்கிறானே என்று அவளுக்குக் கண் நிறைந்துபோனது. விளக்குப் போட மறந்து திரும்பி வந்துவிட்டாள், பாதி வழியில் ஞாபகம் வந்து மறுபடி ஏறினாள்.

மகன் சங்கரபாண்டி அஸ்ஸாமில் தேயிலை ஃபேக்டரி ஒன்றில் ஃபிட்டர். போய் ஒன்பது வருஷமாகிறது, அங்கேயே ரூபாலி என்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டு, ஜூனு என்று ஒரு குழந்தையும் ஆயிற்று. ஜூனுவுக்குக் காது குத்துகிறோம் வா என்று கூப்பிட்டான், மூன்று நாள் ரயிலில் தனியாகப் போனாள். போன இடத்தில் அவளுக்குத் தலை சுற்றியது, எல்லாம் இங்கே மாதிரியே இருந்தது. அதே பச்சை, அதே லயம், ஃபேக்டரியிலிருந்து வருகிற அதே வாசம், கூடையை நெற்றியில் மாட்டிக்கொண்டு நிற்கிற அதே பொம்பளைகள். தரை மட்டும் மேடு பள்ளம் இல்லாமல் தட்டையாகக் கிடந்தது. ஒரு காலையில் ஜூனுவைக் கையில் பிடித்துக்கொண்டு செடிகளுக்கு நடுவே போனபோது வழியில் பூனை எச்சம் கிடந்தது, அதே அளவு, அதே முனை, எலி முடி சுற்றிக்கொண்டு. அவள் யோசிக்கவே இல்லை. கைப்பையில் அந்த எழுதிவைத்த கவர்களில் ஒன்று கிடந்தது, குச்சி எடுத்துத் தள்ளினாள், பாட்டி என்ன பண்ணுகிறாள் என்று குழந்தை அதன் பாஷையில் கேட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தது. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை இல்லாமல் பத்து நாள் கழிந்திருந்தது, அந்தச் சிரிப்பு ஒன்றுதான் முழுசாகப் புரிந்தது. உன் அத்தைக்கு இது, உன் ஊர்ப் பூனை என்று வடிவு தமிழில் சொன்னாள். அப்படி நினைத்துத்தான் எடுத்தாள், உலகுவிடம் கொடுத்து, பார், உன் அண்ணன் ஊரிலிருந்து என்ன கொண்டுவந்திருக்கிறேன் பார் என்று சொல்லவேண்டுமென்று. பென்சில் இல்லை, தேதி எழுதவில்லை. இடம்தான் முன்பே எழுதியிருந்ததே. ஊருக்கு வந்து சேர்ந்தபோது கால் இரண்டும் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. வீட்டில் சுடலைமுத்துவுக்கு நெஞ்சில் சளி, அடுப்பெல்லாம் பால் பொங்கிக் காய்ந்து கிடந்தது. பையைக் கவிழ்த்தபோது கவர் விழுந்தது, நாள்காட்டியைப் பார்த்து அன்றைய தேதியை எழுதி டப்பாவில் போட்டாள். மார்ச் மூணு. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அப்புறம் பதினெட்டு, பத்தொன்பது, இருபது. உலகு வந்து டப்பாவோடு எடுத்துப்போனபோது அவர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக இருந்த நேரம், கவர் பேச்சே எழவில்லை. அவ்வளவுதான் நடந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் கவர் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது, அவள் குண்டு எழுத்தில்.

இல்லை, ஒருவேளை அது வேறு கவரோ. பதினேழைத்தான் அங்கே கொண்டுபோனோமா, பதினெட்டாக இருந்தால். பஸ் அட்டகட்டி தாண்டித் திரும்புகிறது, யாரோ பின்னால் வாந்தி எடுக்கிறார்கள், கண்டக்டர் எலுமிச்சம்பழம் இருந்தா மோந்து பாருங்கம்மா என்று சொல்லிக்கொண்டே நடக்கிறார். இங்கேயும் ஒன்று எடுத்து, அங்கேயும் ஒன்று எடுத்து, மாறிப்போயிருந்தால். வடக்குப் பூனை ஒன்று உண்மையிலேயே அம்மன் பாறைக்கு வந்திருந்தால் என்ன. வரக்கூடாதா. சாமி நினைத்தால் வராதா. மார்ச் மூணு. கால் வீங்கியிருந்தது. வாசற்படி இறங்கவில்லை. பக்கத்து வீட்டு மரியபுஷ்பம்தான் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். சரி, அப்படியே இருக்கட்டும், யாருக்குத் தெரியும், அவள் வாய் திறக்காவிட்டால் இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, நாலு வயது ஜூனுவைத் தவிர. சால்வை போடுவார்கள். அவர் டீக்கடையில் சொல்லிக்கொள்வார். உலகு டாக்டர் ஆவாள். அதற்கு மேல் அவளுக்கு என்ன வேண்டும், அட்டைப்பூச்சிக் கடியோடு நாலு வருஷம் காட்டுக்குள் அலைந்த பிள்ளை, எத்தனை மாப்பிள்ளை வீட்டார் பூனை ஆராய்ச்சியா என்று கேட்டுவிட்டுக் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். அவளுக்கு ஒரு பூனை தாண்டி வரக்கூடாதா. முருகா என்று சொல்ல நினைத்து நாக்கு எழும்பவில்லை. இப்படி ஒரு யோசனையை வைத்துக்கொண்டு அவன் பேரைச் சொல்ல வாய் கூசியது.

அப்போது அந்தக் கடுதாசி ஞாபகம் வந்தது. கல்யாணமான புதுசில் தபாலில் வரும், ஒரு சாமி பேரைச் சொல்லி, இதைப் பார்த்து இருபத்தொரு பேருக்கு எழுதி அனுப்பு, அனுப்பினவனுக்குப் பிள்ளை பிறந்தது, கிழித்தவனுக்குக் கை போனது என்று. பயந்துபோய் ராத்திரியெல்லாம் எழுதினாள். எழுதினதில் மதுரை வியாபாரி ஒருவருக்குப் புதையல் கிடைத்த ஒரு வரி விட்டுப்போயிற்று, தபாலில் போட்ட பிறகுதான் தெரிந்தது. வருஷம் கழித்து அதே கடுதாசி கயத்தாறிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் பேரில் திரும்ப வந்தது, அதில் மதுரை வியாபாரி இல்லை. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது, இது என் கடுதாசியின் பிள்ளை, பேரப்பிள்ளை. இதை உலகுவிடம் சொன்னபோது அவள் பலாக்கொட்டையைக் கீழே போட்டுவிட்டு அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். இதேதாம்மா நாங்க பண்றது, விட்டுப்போன வரியை வச்சுத்தான் யாரு யாரோட வம்சம்னு கண்டுபிடிக்கிறோம், இதை எனக்கு அஞ்சு வருஷம் காலேஜ்ல சொல்லிக்குடுத்தாங்க, நீ எப்படி என்றாள். அந்தப் பூனை அம்மாக்கள் ஒரு வரி விட்டால் விட்டதுதான், அதை மூடி மறைக்கவில்லை, விட்டதை விட்டபடியே குட்டிக்குக் கொடுத்தார்கள், அதனால்தான் இத்தனை லட்சம் வருஷம் கழித்தும் வழி தெரிகிறது. இவள் கவர் ஒன்றில்தான் வழி அழிந்துபோயிருக்கிறது. நாளைக்கு இன்னொரு பிள்ளை, யார் பெற்ற பிள்ளையோ, உலகு எழுதின புத்தகத்தைப் படித்துவிட்டு அம்மன் பாறைக்கு ஏறி வந்து வருஷக்கணக்கில் அந்த வடக்குப் பூனையைத் தேடும். இல்லாததைத் தேடும். கடைசியில் உலகு பேரைச் சொல்லி நாலு பேர் சிரிப்பார்கள்.

ஒன்பதாவது வளைவில் காடு சட்டென்று விலகி, கீழே ஆழியாறு அணை ஒரு தட்டு மாதிரி தெரிந்தது, அதற்கப்பால் சமவெளி, பார்வை போகிறவரை வெளுத்துக்கிடந்தது. பாறையில் வரையாடு ஒன்று நின்றது, பஸ்ஸில் நாலு பேர் போனைத் தூக்கினார்கள். காது அடைத்து விட்டது. வடிவு ஸ்வெட்டரின் மேல் பொத்தானைக் கழற்றினாள், பிறகு அடுத்ததை. ஜன்னல் வழியாக வருகிற காற்று ஒவ்வொரு வளைவுக்கும் மாறிக்கொண்டு வந்தது, முதலில் ஈரம் போயிற்று, பிறகு இலை வாசம் போயிற்று, எட்டு, ஏழு, இப்போது முகத்தில் அடுப்படிக் காற்று அடிக்கிறது. கழுத்தில் வேர்வை இறங்கியது. எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறாள், இன்றைக்குத்தான் தெரிந்தது, இதுதான் அந்த மதில். கல்லும் இல்லை முள்ளும் இல்லை, இந்த அனல்தான். மலையடிவாரத்தில் ஒரு பொட்டு வைத்த பூனை வந்து நிற்கும், மூக்கை நீட்டிப் பார்க்கும், திரும்பிவிடும். அதன் குட்டி வந்து நின்று திரும்பும். அப்படித் திரும்பித் திரும்பியே ஒரு வம்சம். வடக்கே அதன் அக்கா தங்கச்சி இருப்பது அதற்குத் தெரியாது. தெரியாமலே, அங்கே வைத்த அதே வெள்ளைக் கோட்டை இங்கேயும் நெற்றியில் வைத்துக்கொண்டு, காதுக்குப் பின்னால் அதே புள்ளியை வைத்துக்கொண்டு, தன் மலையைத் தன் மலையாகவே காத்துக்கொண்டு கிடக்கிறது. எவ்வளவு அழகு இது. தாண்டி வந்தால்தான் அதிசயமா, தாண்டாமல் இத்தனை லட்சம் வருஷம் தானாகவே இருந்தது அதிசயம் இல்லையா. பூனை தாண்டி வரவேண்டும் என்று ஆசைப்பட்டது அவள்தான். மூன்று நாள் ரயில் தூரத்தில் ஒரு பிள்ளையை விட்டுவிட்டு, பேத்தியிடம் பேச ஒரு வார்த்தை இல்லாமல், அந்தத் தூரத்தை ஏதாவது ஒன்று நடந்து கடந்துவிட்டது என்று கேட்க அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது, அந்தப் பாரத்தைப் போய் அந்தச் சின்ன உயிரின் முதுகில் ஏற்றினாள். முருகா. இந்தத் தடவை வந்தது, சத்தமாகவே வந்துவிட்டது, முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கடைசி வளைவும் முடிந்து செக்போஸ்டில் பஸ் நின்றது. இன்ஜின் அணைந்ததும் வெயில் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. வடிவு மகளின் கன்னத்தைத் தட்டினாள். உலகு எழுந்து, பொள்ளாச்சி வந்துடுச்சா என்று வாயைத் துடைத்துக்கொண்டாள். வரவில்லை, ஒன்று சொல்லணும் என்று சொல்லி, இருபது கவரில் முன்கூட்டி எழுதிவைத்ததிலிருந்து, ஜூனு மூக்கைப் பொத்திச் சிரித்ததிலிருந்து, வீங்கின காலோடு நாள்காட்டியைப் பார்த்துத் தேதி போட்டதுவரை வடிவு ஒன்றுவிடாமல் சொன்னாள். உலகு முதலில் சிரித்தாள், அம்மா விளையாடுகிறாள் என்று. பிறகு சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிற்று.

"நிச்சயமாத் தெரியுமாம்மா?"

"அன்னைக்கு நான் வாசப்படி இறங்கல, உலகு."

"இதை ஏம்மா இப்ப வந்து சொல்ற?"

எனக்கே இப்பத்தான் தெரியும் என்று சொல்லலாம், அது நிஜம்தான். ஆனால் கவர்க்கலிலிருந்து செக்போஸ்ட்வரை வாயை மூடிக்கொண்டு வந்ததும் நிஜம். உலகு லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் நாட்டின் படம், கீழே நம் மலையில் கொத்தாகப் பச்சைப் புள்ளிகள், மேலே இமயத்தடியில் கொத்தாகச் சிவப்புப் புள்ளிகள், பச்சைக்கு நடுவே ஒற்றையாக ஒரு சிவப்பு. உலகு திரையைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். கண் கலங்கியதா வெயிலா என்று வடிவுக்குத் தெரியவில்லை. மேடத்துக்கு நானே சொல்லுகிறேன், சால்வை வேண்டாம், என் தப்பு என்று சொல்கிறேன் என்றாள் வடிவு. உலகு தலையை மட்டும் ஆட்டினாள், ஆமா என்றா வேண்டாம் என்றா அது. பிறகு அவள் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அப்ப ஒண்ணுகூடத் தாண்டலம்மா, நாங்க முதல்ல நினைச்சதுதான் சரி, என்ன ஒரு பிடிவாதம் பாரு அதுக்கு என்று திரையிடமே சொல்வதுபோலச் சொன்னாள். குரலில் அழுகையும் இருந்தது, இன்னொன்றும் இருந்தது, அம்மன் பாறை வழியில் வடிவுக்குக் கண் நிறைந்ததே, அந்த ஒன்று. பஸ் கிளம்பியது. உலகுவின் விரல் அந்தச் சிவப்புப் புள்ளியை அழிக்கப் போனது. வடிவு அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை அழிச்சிராத, தாயி. அண்ணன் ஊர்ப் பேரைப் போட்டு அந்தப் பக்கம் வச்சிரு."